பெயின்ட்பால் மார்க்கரில் வீட்டு நியூமேட்டிக் வேலை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெயின்ட்பால் விளையாட்டில் சாயப் பந்துகளை வாயு அழுத்தத்தால் சுடும் துப்பாக்கிதான் மார்க்கர். மின்னணு போர்டும் பேட்டரியும் இல்லாமல், காற்றை மட்டும் வைத்தே அதன் டிரிக்கரை லேசாக்க முடியும். அமெரிக்காவில் ஆட்டோமேக் என்ற வகை மார்க்கர் வைத்திருந்தவர்கள் வீட்டிலேயே செய்துகொண்ட 'நியூமேக்' இதற்கு அருமையான உதாரணம். சாதாரண ஆட்டோமேக்கில் விரலின் பலம்தான் சியரை, அதாவது பந்தை முன்னே தள்ளும் போல்ட்டைப் பிடித்து நிறுத்தும் கொக்கியைத் தள்ள வேண்டும். நியூமேக்கில் டிரிக்கர் ஒரு குட்டி மூவழி வால்வை அழுத்தினால் போதும். அந்த வால்வு காற்றை ராமுக்கு, அதாவது காற்றால் நகரும் குட்டிப் பிஸ்டனுக்கு அனுப்பும், ராம் சியரைத் தள்ளும். கிளிப்பார்ட் நிறுவனத்தின் வால்வு ஒன்று, ஆட்டோகாக்கர் என்ற இன்னொரு மார்க்கரின் முன்பக்கத்தில் இருக்கும் ராம், எல்பிஆர் எனப்படும் குறைந்த அழுத்த ரெகுலேட்டர், கொஞ்சம் ஹோஸ். சாமான் பட்டியல் அவ்வளவுதான்.

இதில் பலர் செய்யும் பெரிய தவறு, அழுத்தமானி இல்லாமல் எல்பிஆரைத் திருகுவது. டாங்கில் காற்று 3000 அல்லது 4500 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு). டாங்கின் ரெகுலேட்டரைத் தாண்டி வரும்போது பெரும்பாலும் 800 பிஎஸ்ஐ அளவு. அந்த மெல்லிய ஹோஸும் அதைப் பிடித்திருக்கும் முனைகளும் தாங்குவதோ சுமார் 100 பிஎஸ்ஐதான். எல்பிஆருக்குள் காற்றை அடைக்கும் சீட்டில் ஒரு துகள் சிக்கினாலும் அது முழுதாக அடைக்காது. அழுத்தம் மெதுவாக ஏறிக்கொண்டே போகும். தொடர்ந்து சுடும்போது இது தெரியவே தெரியாது. மார்க்கரைச் சும்மா வைத்துவிட்டு மறுபடி எடுக்கும்போதுதான் ஹோஸ் பிடுங்கிக்கொண்டு பறக்கும். ஆகவே எல்பிஆருக்கு அடுத்து ஒரு டி (மூன்று முனை இணைப்பு) போட்டு அழுத்தமானியை மாட்டுங்கள். காற்றைத் திறந்து பத்து நிமிடம் சுடாமல் விட்டு முள்ளைப் பாருங்கள். முள் நகர்ந்தால் சீட்டைச் சுத்தம் செய்யாமல் மேலே போகாதீர்கள்.

அந்தத் துகள் எங்கிருந்து வருகிறது? பல சமயம் டெஃப்லான் டேப்பிலிருந்து. மரையின் முதல் சுற்றையும் சேர்த்துச் சுற்றினால், இறுக்கும்போது பிய்ந்த நூல் நேராக உள்ளே போகும். முதல் ஒன்றிரண்டு மரையை விட்டுவிட்டுச் சுற்றுங்கள்.

அடுத்த தவறு, ராம் சோம்பலாக இருந்தால் உடனே அழுத்தத்தை ஏற்றுவது. ஆட்டோமேக்கில் சியர் நகரும்போது ஆன்-ஆஃப் பின் என்ற ஊசியையும் சேர்த்துத் தள்ளி, காற்று வரும் வழியை அடைக்கிறது. ராம் முழுதாகத் திரும்பினால்தான் அந்த வழி திறந்து அடுத்த சுடுதலுக்குக் காற்று நிரம்பும். திரும்பத் தாமதமானால் அடுத்த பந்து பலமில்லாமல் விழும். இதற்குக் காரணம் பெரும்பாலும் அழுத்தக் குறைவு அல்ல. நீளமான ஹோஸ், அல்லது காற்று வெளியேறும் துளை அடைபட்டிருப்பது. ஹோஸை முடிந்தவரை குட்டையாக வெட்டுங்கள், டிரிக்கர் வால்வை முழுதாக அழுத்துகிறதா, முழுதாக விடுகிறதா என்று பாருங்கள். அப்புறம்தான் எல்பிஆரில் கை வைக்க வேண்டும்.

கார்பன் டை ஆக்சைடு வைத்து இந்த வேலை வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 21 டிகிரியில் சுமார் 850 பிஎஸ்ஐ இருக்கும் பாட்டில், 30 டிகிரியைத் தாண்டினால் 1000 பிஎஸ்ஐக்கு மேல் போகும். திரவமாகவே உள்ளே வந்துவிட்டால் ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் வளையம்) உறைந்து, கசிந்து, எல்பிஆர் நிலைகுலையும். அழுத்தக் காற்று இந்தத் தொல்லை தராது.

கூடுதல் காற்று தேக்க பிவிசி குழாயில் அறை கட்டுகிறவர்களும் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். பிவிசி வெடித்தால் கிழியாது, கூரிய சில்லுகளாகச் சிதறும். தண்ணீருக்கு அதன்மேல் அச்சிட்ட அழுத்த அளவு காற்றுக்குப் பொருந்தாது. அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்புத் துறையே வெளியில் தெரியும் காற்றுக் குழாய்களுக்குப் பிவிசியைப் பயன்படுத்தக் கூடாது என்று எச்சரித்திருக்கிறது. டாங்கில் காற்று நிரப்பும் முனையில் எண்ணெயோ கிரீஸோ பூசுவதும் அதே அளவு ஆபத்து. உயர் அழுத்தக் காற்று பாயும்போது அது தீப்பிடிக்கலாம்.

டாங்கைக் கழற்றும் நேரத்திலும் கவனம் வேண்டும். மார்க்கரிலிருந்து டாங்க் கழல்வதற்குப் பதிலாக, பாட்டிலிலிருந்து வால்வே கழன்று, பாட்டில் ராக்கெட்டாகப் பாய்ந்து அமெரிக்காவில் உயிர்கள் போயிருக்கின்றன. வால்வுக்கும் பாட்டில் கழுத்துக்கும் குறுக்கே ஒரு பெயின்ட் கோடு போட்டு வையுங்கள். திருகும்போது கோடு விலகினால் அங்கேயே நிறுத்திவிட்டு, ஆட்களை விலக்கி, விவரம் தெரிந்த கடையிடம் ஒப்படையுங்கள். டாங்கைக் கழற்றிய பிறகும் எல்பிஆர் பக்கம் காற்று தங்கியிருக்கும். அதையும் வெளியேற்றாமல் ஸ்குரூடிரைவரை எடுக்காதீர்கள்.

முதல்முறை காற்றைத் திறக்கும்போது மூவழி வால்வில் காற்று உள்ளே வரும் வழியும் வெளியேறும் வழியும் மாறி மாட்டியிருந்தால், டிரிக்கரைத் தொடாமலே ராம் சியரைத் தள்ளிவிடும். அதனால் பந்து போடாமல், பேரல் உறையை மாட்டி, முகக்கவசத்துடன் திறக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால், பந்தின் வேகத்தைக் குரோனோகிராஃப் என்ற வேகமானியில் பாருங்கள். விநாடிக்கு 300 அடிதான் பொதுவான உச்சவரம்பு, பல மைதானங்களில் 280. ஒரு ஹோஸை மாற்றினாலும் மறுபடி அளந்துவிட்டுத்தான் களத்தில் இறங்க வேண்டும்.