எல்லைப்புறத்தில் ஒரு தொடர்கொலைக் கதை: பெண் இன்ஸ்பெக்டரை வைத்துத் தொடர் எழுதுவது எப்படி

செங்கோட்டை தாண்டி, புளியரை செக்போஸ்ட் கடந்து, எஸ் வளைவு ஏறினால் கோட்டைவாசல் கருப்பசாமி கோயில். அதைத் தாண்டினால் ஆரியங்காவு, கேரளத்தின் கொல்லம் மாவட்டம். உங்கள் கதையில் பிணம் கோயிலுக்கு இந்தப் பக்கம் கிடந்ததா, அந்தப் பக்கம் கிடந்ததா? இதை முடிவு செய்யாமல் முதல் அத்தியாயத்தைத் தொடங்காதீர்கள். எந்த ஸ்டேஷன், எந்த மொழியில் மகஜர் (சம்பவ இடத்தில் போலீஸ் எழுதும் பதிவு), எந்த ஆஸ்பத்திரி, கடைசியில் எந்தக் கோர்ட் என்று எல்லாமே அந்த நூறு அடியில்தான் மாறும்.

கதாபாத்திரம் அமைப்பது, வர்ணனை எழுதுவது போன்றவை இதில் இல்லை. எல்லைப்புற வழக்கு காகிதத்தில் எப்படி நகரும், அதை வைத்துக் கதையை எப்படிக் கட்டுவது என்பது மட்டும்தான்.

படி 1: கேஸ் கட்டை முதலில் எழுதுங்கள்

ஒவ்வொரு கொலைக்கும் ஒரு பக்கம். தேதி, கிழமை, பாடி கிடந்த இடம், முதலில் பார்த்தவர், ஸ்டேஷன், பிரிவு, போஸ்ட்மார்ட்டம் நடந்த ஆஸ்பத்திரி. மொத்தம் நான்கு அல்லது ஐந்து கொலை போதும். அமெரிக்க எஃப்.பி.ஐ. 2005இல் கூட்டிய மாநாட்டில், ஒரே ஆள் வெவ்வேறு சமயங்களில் இரண்டு பேரைக் கொன்றாலே தொடர்கொலை என்று வரையறுத்தார்கள். எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டே போனால் இறந்தவர்கள் யாரும் வாசகர் மனதில் நிற்க மாட்டார்கள். இறந்த ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு, ஒரு வேலை, காத்திருந்த ஒரு ஆள் இருக்க வேண்டும்.

பலர் சறுக்குவது பிரிவு எண்ணில். 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டங்கள் நடைமுறையில் இருக்கின்றன. அதற்கு முன் நடந்த கொலைக்கு இ.பி.கோ. 302, சந்தேக மரணத்துக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174. அதற்குப் பின் நடந்ததென்றால் பி.என்.எஸ். (புதிய தண்டனைச் சட்டம்) 103, பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 194. கதை 2022இல் தொடங்கி 2025இல் முடிகிறதென்றால் உங்கள் இன்ஸ்பெக்டரின் மேஜையில் இரண்டு வகைக் கட்டும் இருந்தாக வேண்டும். வக்கீலோ போலீசோ படித்தால் முதலில் பார்ப்பது இதைத்தான்.

படி 2: வழக்கு எல்லையில் எப்படிப் பிளக்கிறது

எல்லைப்புறக் கதையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. தென்காசியில் ஒரு பெண்ணைக் காணவில்லை என்று புகார். பாடி கிடைப்பது ஆரியங்காவுக் காட்டோரம். பாடி எங்கே கிடக்கிறதோ அந்த ஊர் ஸ்டேஷன்தான் விசாரணை நடத்தி மகஜர் எழுதும். ஆக, காணாமல் போன கோப்பு தமிழில் இங்கே, அடையாளம் தெரியாத பாடியின் கோப்பு மலையாளத்தில் அங்கே. இரண்டையும் ஒருவர் சேர்த்துப் படிக்கிற வரை கொலைகாரனுக்குக் கவலையில்லை.

இப்போது சி.சி.டி.என்.எஸ். என்ற நாடு தழுவிய கணினி வலை இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் அங்க அடையாளத்தையும் உடையையும் இரு பக்கமும் ஒரே மாதிரி பதிந்திருந்தால்தான் தேடும்போது பொருந்தி வரும். பொருந்தாமல் போவதற்கு ஒரு காரணத்தைக் கதையில் வையுங்கள். நான் பரிந்துரைப்பது மொழியை.

ஓர் உதாரணம். கேரள மகஜரில் ‘முந்தாணியில் மூணு கெட்டு’ என்று இருக்கிறது. வட மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்த ரைட்டர் (ஸ்டேஷனில் கோப்பு எழுதும் போலீஸ்காரர்) அதைத் தமிழில் ‘முந்தானை மூன்று இடத்தில் கெட்டுப்போயிருந்தது’ என்று எழுதி வைத்துவிட்டார். கிழிசல் என்று எல்லோரும் கடந்து போய்விட்டார்கள். உங்கள் இன்ஸ்பெக்டர் செங்கோட்டைக்காரி. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர் அது. பாட்டி மலையாளம் படித்தவர், வீட்டுப் பேச்சிலேயே ‘கெட்டு’ என்றால் முடிச்சு. மூல மகஜரை வரவழைத்து வாசிக்கிறார்:

“ஏட்டய்யா, இது கிழிசல் இல்ல. முடிச்சு. மூணு முடிச்சு.”

“நம்ம பண்பொழி பாடியிலயும் முந்தானையில முடிச்சு இருந்துச்சேம்மா.”

தமிழ்நாட்டுப் பக்கம் பண்பொழியில் கிடைத்த இன்னொரு பாடியைத்தான் ஏட்டு சொல்கிறார். இரண்டு கோப்பும் ஒன்றாகிற இடம் இது. துப்பாக்கியும் வேண்டாம், துரத்தலும் வேண்டாம். ஒரு சொல்லைச் சரியாகப் படித்ததே அவருடைய பலம். வலுவான பெண் அதிகாரி என்றால் எட்டி உதைப்பவர் என்று எழுதுவதைத் தயவுசெய்து விடுங்கள். செத்துப்போன கணவன், சிறுவயதுக் கொடுமை என்று ஒரு காயத்தைக் கொடுத்து அதையே பலமாகக் காட்டுவதும் வேண்டாம். வேலையில் கெட்டிக்காரி என்பதே போதும். தினமும் சி.டி., அதாவது கேஸ் டைரி, எழுதுகிறவர் என்று காட்டுங்கள். கேஸ் டைரி பி.என்.எஸ்.எஸ். 192இன்படி நாளுக்கு நாள் எழுத வேண்டியது. மேலதிகாரி வழக்கைப் பிடுங்க வரும்போது அந்த டைரிதான் அவருக்குக் கேடயம்.

இனி, வழக்கை யார் நடத்துவது? தகவல் எந்த ஸ்டேஷனுக்கு வந்தாலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். (எல்லை பார்க்காமல் பதியும் முதல் தகவல் அறிக்கை) போட்டு உரிய ஸ்டேஷனுக்கு அனுப்பலாம் (பி.என்.எஸ்.எஸ். பிரிவு 173). குற்றம் எந்த எல்லையில் நடந்தது என்பது தெளிவில்லை என்றால் சம்பந்தப்பட்ட எந்தப் பகுதிக் கோர்ட்டிலும் விசாரிக்கலாம் (198). வெவ்வேறு உயர் நீதிமன்றங்களுக்குக் கீழுள்ள இரண்டு கோர்ட் ஒரே குற்றத்தை எடுத்துக்கொண்டால், எங்கே நடவடிக்கை முதலில் தொடங்கியதோ அந்த உயர் நீதிமன்றம் முடிவு செய்யும் (206). இந்த மூன்றையும் வைத்தே இரண்டு அத்தியாயத்துக்குப் பதற்றம் கிடைக்கும்.

ஒரே மாதிரி மரணங்கள் வருஷக்கணக்கில் கண்ணில் படாமல் இருக்குமா என்று சந்தேகம் வந்தால் கோழிக்கோடு மாவட்டத்துக் கூடத்தாயி வழக்கைப் பாருங்கள். 2002 முதல் 2016 வரை ஒரே உறவு வட்டத்தில் ஆறு மரணங்கள். 2011இல் இறந்தவரின் உடலில் சயனைடு தெரிந்தும் தற்கொலை என்று கோப்பு மூடப்பட்டது. கல்லறைகளைத் தோண்டியது 2019இல்தான்.

படி 3: நேரக் கணக்கு

இறந்த நேரத்தை டாக்டர் ‘இரவு 10.20’ என்று சொல்லவே மாட்டார். இடைவெளியாகத்தான் சொல்வார். விறைப்பு முகத்தில் தொடங்கி, ஏறத்தாழ 12 மணி நேரத்தில் உடல் முழுக்கப் பரவும். வெயிலில் சீக்கிரம் விலகும், குளிர்ந்த நீரில் தாமதமாகும். தடயவியலில் ஒரு பழைய கணக்கு உண்டு: திறந்த வெளியில் ஒரு வாரம் அழுகுவதும், தண்ணீரில் இரண்டு வாரமும், மண்ணுக்குள் எட்டு வாரமும் கிட்டத்தட்ட சமம். தோராயம்தான். ஆனால் அணையில் எடுத்த பாடியையும் புதைத்து எடுத்த பாடியையும் ஒப்பிடுகிற காட்சிக்கு உதவும்.

மழையை மறக்காதீர்கள். ஜூனிலிருந்து குற்றாலத்தில் சாரல், கணவாய்க்கு அந்தப் பக்கம் கனமழை. கால்தடமும் ரத்தமும் அங்கே ஒரே இரவில் போய்விடும், இங்கே ஓரளவு மிஞ்சும். ஒரே கொலைகாரன் ஒரு பக்கம் ‘கவனமானவன்’, மறுபக்கம் ‘கவனமில்லாதவன்’ என்று இரண்டு போலீசும் வேறு வேறு ஆளைத் தேடுவதற்கு இந்த வானிலை வித்தியாசம் ஒன்றே போதும்.

படி 4: செல்போன்

எல்லையோரம் நிற்கிற போன் பக்கத்து மாநில டவரைப் பிடிக்கும். அதனால் தமிழ்நாடு தொலைத்தொடர்பு வட்டத்தில் மட்டும் டவர் விவரம் கேட்டால் ஆள் அங்கே இல்லவே இல்லை என்று வரும். கேரள வட்டத்திலும் கேட்க வேண்டும். கேட்பது எஸ்.பி. அளவிலான அதிகாரி வழியாக, இன்ஸ்பெக்டர் நேரடியாகப் போன் போட்டு வாங்க முடியாது. அழைப்பு விவரங்களை நிறுவனங்கள் குறைந்தது இரண்டு வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பது 2021 டிசம்பரில் வந்த விதி. முதல் கொலை அதற்கும் பழையதென்றால் அந்த விவரம் கிடைக்காது என்றே வைத்து எழுதுங்கள். கதைக்கு அதுவே நல்லது.

படி 5: அட்டவணை

எழுத்தாளர்களுக்கென்று விற்கும் மென்பொருள் எதுவும் தேவையில்லை. கூகுள் ஷீட் போதும். நான்கு பத்தி: நடந்த தேதி, இடம், யாருக்குத் தெரியும், வாசகருக்குத் தெரிகிற அத்தியாயம். கடைசிப் பத்திதான் முக்கியம். மேலே சொன்ன முடிச்சுக்கு ஒரு வரிசை இப்படி வரும்: ‘2023 ஆகஸ்ட் 14, திங்கள் / ஆரியங்காவு / மகஜர் எழுதிய அதிகாரி / அத்தியாயம் 4இல் கிழிசல் என்று, 11இல் முடிச்சு என்று’. துப்பு தெரிவதற்கும் அது விளங்குவதற்கும் நடுவே குறைந்தது மூன்று அத்தியாயம் விடுங்கள். வாரம் ஒன்று வெளியிடுகிறவர்கள் இப்படி ஆறு ஏழு அத்தியாயம் இழுத்தால், 11இல் பழைய வரியை அப்படியே ஒருமுறை எடுத்துப் போட்டாக வேண்டும். வாசகர் மறந்திருப்பார்.

வரைபடத்துக்கு மட்டும் காகிதம். ஏ3 தாளில் கைப்பட வரையுங்கள். கடக்கிற ஒவ்வொரு செக்போஸ்ட்டும் கேமராவும் தெரியும்.

பிறகு சேர்த்தது

இரவோடு இரவாகப் போஸ்ட்மார்ட்டம் நடக்கிற காட்சி பற்றிக் கேட்டிருந்தார்கள். சூரியன் மறைந்த பிறகும் செய்யலாம் என்று 2021 நவம்பரில் மத்திய அரசு அனுமதித்தது உண்மை. ஆனால் கொலை, தற்கொலை, பாலியல் வன்முறை, அழுகிய உடல், சந்தேக மரணம் இவற்றுக்கு அது பொருந்தாது, சட்டம் ஒழுங்குப் பிரச்சினை இருந்தால் தவிர. ஆகவே உங்கள் இன்ஸ்பெக்டர் விடியும் வரை ஜி.ஹெச். மார்ச்சுவரி வாசலில் உட்கார்ந்திருக்கட்டும். இறந்தவளின் அம்மா அங்கேதான் வருவார்.

ஒப்புதல் வாக்குமூலத்தோடு முடிக்கலாமா என்பது இன்னொரு கேள்வி. போலீசிடம் சொன்ன ஒப்புதல் கோர்ட்டில் செல்லாது (பி.எஸ்.ஏ. என்ற புதிய சாட்சியச் சட்டம், பிரிவு 23). கொலைகாரன் சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு நேரடியாகச் சேர்ந்த பகுதி மட்டும் செல்லும். அதனால் கடைசி அத்தியாயத்தில் அவன் பேசுவதைவிட, அவன் காட்டிய இடத்தில் மண்ணைத் தோண்டி எடுக்கிற பொருள் என்ன என்பதை முதல் அத்தியாயம் எழுதும்போதே முடிவு செய்து, அட்டவணையின் கடைசி வரிசையில் போட்டு வையுங்கள்.