பொருளை விடுங்கள், கேள்வியைப் பாருங்கள்

ஒரு விஷயம் இயற்பியலா வேதியியலா என்று குழப்பமா? என்ன பொருள் என்று பார்க்காமல், என்ன கேள்வி என்று பாருங்கள். ஓர் இரும்பு ஆணி போதும். ஈரக்காற்றில் ஆக்சிஜனோடு சேர்ந்து துருப்பிடிக்கிறது. இரும்பு வேறு பொருளாகவே மாறிவிடுகிறது, எனவே வேதியியல். அதே ஆணியைச் சுமார் 770 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் காந்தத்தில் ஒட்டாது. இரும்பு இரும்பாகத்தான் இருக்கிறது, குணம் மட்டும் போய்விட்டது. அப்போ இயற்பியல்.

ரத்தத்தில் ஹீமோகுளோபினின் இரும்பு ஆக்சிஜனைச் சுமப்பது உயிரியல். (உயிர்வேதியியலும் பங்குக்கு வரும், விட்டுவிடுங்கள்!) இரும்புத்தாது எந்தப் பாறையில் இருக்கிறது என்றால் நிலவியல். நிலாவை நினைக்காதீர்கள், இது நிலம். அப்புறம், இரும்பு விண்மீனுக்குள் எப்படி உருவானது என்றால் வானியல்.