சிக்டெர்ம் வந்ததும் உறைந்த நிரல்: என் அனுபவம்

பினாங்கு பாயான் லெப்பாஸில், சோதனை இயந்திரங்களின் தரவைத் திரட்டும் ஒரு லினக்ஸ் நிரலைப் பராமரிக்கிறேன். நிறுத்துவதற்காகச் சிக்டெர்ம் (SIGTERM, நிரலை முடித்துக்கொள்ளச் சொல்லும் சிக்னல்) அனுப்பினால், சில வேளைகளில் மட்டும் அது அசையாமல் நின்றுவிடும். பிழை தேடும் கருவியான ஜிடிபியை (gdb) இணைத்து எல்லாத் திரெட்டுகளின் (நிரலுக்குள் இணையாக ஓடும் இழைகளின்) அழைப்பு அடுக்கையும், அதாவது எந்தச் சார்பு எதை அழைத்தது என்ற பட்டியலையும், எடுத்தபோது, ஒரே திரெட்டில் நினைவகம் ஒதுக்கும் சார்பான மாலாக் (malloc) இரண்டு முறை தெரிந்தது. இரண்டுக்கும் நடுவே சிக்னல் கையாளியின், அதாவது சிக்னல் வந்ததும் ஓடும் சார்பின், சட்டகம். ஒரு நேரத்தில் ஒரு திரெட்டை மட்டும் நுழையவிடும் தன் உள்பூட்டை மாலாக் பிடித்திருந்த கணத்தில் சிக்னல் குறுக்கிட, பதிவு எழுத முனைந்த கையாளி மீண்டும் மாலாக்கை அழைத்து, தன் திரெட்டே வைத்திருந்த பூட்டுக்காகக் காத்துக் கிடந்தது.

கையாளியில் பிரின்ட்எஃப் (printf, எழுத்தை வெளியிடும் சார்பு), மாலாக் இரண்டையுமே அழைக்கக் கூடாது என்பது யுனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான தரநிலையான போசிக்ஸின் விதி. பூட்டு போட்டுச் சமாளிக்கலாம் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார்; அது நோயை வளர்க்கும் மருந்து.

செயல்முறைக்கு வரும் சிக்னலை, அதைத் தடுக்காத எந்தத் திரெட்டுக்கும் கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) கொடுக்கலாம். ஆகவே, புதிய திரெட்டுகள் தம்மை உருவாக்கிய திரெட்டின் தடுப்பு முகமூடியை (தடுக்கப்பட்ட சிக்னல்களின் பட்டியலை) மரபாகப் பெறும் என்பதால், அவற்றை உருவாக்கும் முன்பே நிரல் தொடங்கும் மெயின் சார்பில் பிதிரெட்_சிக்மாஸ்க் (pthread_sigmask) கொண்டு சிக்டெர்மைத் தடுத்துவிட்டு, சிக்னல் வரும்வரை காத்திருக்கும் சார்பான சிக்வெய்ட்டில் (sigwait) காத்திருக்கும் தனித் திரெட் ஒன்றை அமைத்தேன். அது சாதாரண நிரலோட்டம் என்பதால் தாராளமாகப் பதிவு எழுதலாம், மற்றத் திரெட்டுகளையும் முறையாக நிறுத்தலாம். சிக்செக்வ் (SIGSEGV, தவறான நினைவக அணுகலால் எழுவது) போன்ற, ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் கட்டளையே கிளப்பும் சிக்னல்களுக்கு இவ்வழி உதவாது.