லாக்டோஃபெரின் வாங்கும்போது சறுக்கும் இடங்கள்

தாய்ப்பாலிலும் கண்ணீரிலும் இருக்கும் லாக்டோஃபெரின் என்ற புரதத்தை, மனித மரபணுவைப் பூஞ்சையிலோ நெல்லிலோ செலுத்தி ஆய்வகத் தேவைக்காகத் தயாரிக்கிறார்கள். மதுரைப் பக்கம் பயோடெக் படிக்கிறவர்கள் புராஜெக்டுக்கு வாங்குவதுண்டு. சில மில்லிகிராம் பொடிக்கே நல்ல விலை. அது வீணாகிவிடக் கூடாதே என்றுதான் இதை எழுதுகிறேன்.

பெரிய தவறு, இரும்பைக் கவனிக்காமல் விடுவது. இந்தப் புரதத்தின் ஒரு மூலக்கூறு இரண்டு இரும்பு அயனிகளைப் பிடிக்கும். பாக்டீரியாவுக்கு இரும்பு கிடைக்காமல் செய்வது அதன் முக்கியமான வேலை. இரும்பு நிறைந்த வகையை வாங்கிவிட்டால் அந்த வேலை நடக்காது. ஆர்டர் போடும்போதே எந்த வகை என்று கேட்டு வாங்குங்கள். கரைத்தால் நிறமும் காட்டிக்கொடுக்கும்: நிறைந்தது இளஞ்சிவப்பு, இரும்பில்லாதது ஏறக்குறைய நிறமற்றது. கண்ணை மட்டும் நம்பாமல் 465 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளந்துவிடுங்கள்.

அப்புறம் கணக்கு. புரதத்தின் மூலக்கூறு எடை சுமார் 80 கிலோடால்டன் என்பதால், மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் என்பது 12.5 மைக்ரோமோலார், அது பிடிக்கக்கூடிய இரும்பு 25 மைக்ரோமோலார். வளர்ப்பு மீடியத்தில் அதைவிட அதிகமாக இரும்பு இருந்தால் புரதம் சீக்கிரமே நிறைந்துபோகும், பாக்டீரியா பாட்டுக்கு வளரும். போர் தண்ணீரில் அலசிய கண்ணாடிப் பாத்திரமும் இரும்பைக் கொண்டுவரலாம். கடைசி அலசல் சுத்திகரித்த நீரில் இருக்கட்டும்.

நோயெதிர்ப்பு செல்களோடு வேலை செய்பவர்கள் எண்டோடாக்சினுக்கு, அதாவது பாக்டீரியாவின் வெளியுறையிலிருந்து வரும் நச்சுக்குப் பயப்பட வேண்டும். லாக்டோஃபெரின் நேர்மின்சுமை மிகுந்தது. எண்டோடாக்சின் அதில் நன்றாக ஒட்டிக்கொள்ளும். செல்கள் தூண்டப்பட்டால் புரதம் செய்ததா, ஒட்டியிருந்த அழுக்கு செய்ததா என்று சொல்ல முடியாது. வழக்கமான எண்டோடாக்சின் சோதனையும் இங்கே ஏமாற்றும். ஒட்டியிருப்பது மறைந்து அளவு குறைவாகத் தெரியலாம். தெரிந்த அளவு எண்டோடாக்சினைச் சேர்த்து, அது முழுதாகத் திரும்பக் கிடைக்கிறதா என்று பாருங்கள். கொதிக்கவைத்த புரதத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கட்டுப்பாடாக (control) வையுங்கள். புரதம் கெட்ட பிறகும் செல்கள் அதேபோல் தூண்டப்பட்டால் எண்டோடாக்சினைச் சந்தேகிக்கலாம்.

சித்திரைத் திருவிழா சமயத்து வெயிலில், வெள்ளிக்கிழமை வந்து சேர்கிற மாதிரி ஆர்டர் போடாதீர்கள். பெட்டி திங்கள் வரை கூரியர் குடோனில் கிடக்கும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த குப்பியை உடனே திறந்தால் ஈரம் பொடியில் ஏறும். அறை வெப்பத்துக்கு வந்ததும், சென்ட்ரிஃபியூஜில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திறங்கள். கரைக்கும்போது குலுக்கி நுரை கிளப்ப வேண்டாம். கரைசலைச் சிறு பங்குகளாகப் பிரித்து உறையவையுங்கள், திரும்பத் திரும்ப உருக்காதீர்கள்.

பசும்பால் லாக்டோஃபெரினுக்குக் கட்டுரைகளில் கொடுத்த அளவை அப்படியே எடுப்பதும் சரியல்ல. மனித வகை, பசு வகை இரண்டின் அமினோ அமில வரிசை 70 சதவீதம் அளவுக்குத்தான் ஒத்துப்போகும். பூஞ்சையில் செய்ததற்கும் நெல்லில் செய்ததற்கும் புரதத்தில் ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகள் வேறு. எதில் தயாரித்தது, எந்த லாட் எண் என்பதைக் குப்பி வந்த அன்றே நோட்டில் எழுதிவிடுங்கள்.