நாகர்கோவில் நிழலும் லண்டன் நிழலும்: வெளிநாட்டுப் பள்ளியோடு சேரும்போது நாம் செய்கிற தவறுகள்

வெளிநாட்டுப் பள்ளியோடு பேசும் முதல் வீடியோ அழைப்புக்கு நாங்கள் நான்கு பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தோம். நால்வருக்கும் ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடு. சீருடை இஸ்திரி போட்டு, எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்து, கேமரா முன்னால் உட்கார வைத்தோம். மீதி முப்பத்தைந்து பேர் பின்னால் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பக்கத்துப் பிள்ளை ஒன்று, "உங்கள் ஊரில் மீன் எப்படிப் பிடிப்பார்கள்?" என்று கேட்டது. மனப்பாடத்தில் அந்தக் கேள்வி இல்லை. நால்வரும் என் முகத்தைப் பார்த்தார்கள். கடைசி பெஞ்சில் இருந்தவனோ விடுமுறையில் அப்பாவோடு கரமடி வலை இழுக்கிறவன். கொண்டல், கச்சான், வாடை, சோழகம் என்று நாலு காற்றையும் முகத்தில் பட்டதுமே சொல்லிவிடுவான். அவனை யாரும் கூப்பிடவில்லை. நானும்தான்.

வெளிநாட்டுப் பள்ளிக் கூட்டு என்று தொடங்கும் பெரும்பாலான முயற்சிகள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. பலவிதமான பிள்ளைகளுக்கும் ஏற்ற கற்பித்தல் என்று விண்ணப்பத்தில் எழுதிவிட்டு, ஒரே விதமான பிள்ளையை மட்டும் மேடையேற்றுகிறோம். அந்தக் கடைசி பெஞ்சுப் பையன் தமிழில் பேசட்டும், பக்கத்தில் இன்னொரு பிள்ளை ஆங்கிலத்தில் சொல்லட்டும். 'கட்டுமரம்' என்ற நம் சொல்லைத்தான் ஆங்கிலேயர் 'கேட்டமரான்' ஆக்கிக்கொண்டார்கள். அதை அவனே சொல்லியிருந்தால் அந்த வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்.

யாரோடு சேர்வது

'பாரின் ஸ்கூல்' என்றதும் வெள்ளைக்காரர் பள்ளியைத்தான் நினைக்கிறோம். 1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்த காலத்திலிருந்தே நம் மாவட்டத்துக்குக் கடல் கடந்து வருகிற பள்ளிக்கூடத்தோடு பழக்கம் உண்டு. அதன் நன்மைகள் கொஞ்சநஞ்சமல்ல. கூடவே ஒரு மனப்பான்மையும் ஒட்டிக்கொண்டது: அவர்கள் கொடுப்பார்கள், நாம் வாங்குவோம். முதல் மின்னஞ்சலிலேயே பழைய லேப்டாப் கிடைக்குமா என்று கேட்ட பள்ளியை எனக்குத் தெரியும். மறு கடிதம் வரவில்லை.

ஆங்கிலம் தடுமாறும் வகுப்பென்றால் முதல் கூட்டாளியாக மலேசியத் தமிழ்ப்பள்ளி ஒன்றைத் தேடலாம். அங்கே ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. நமக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணி நேரம்தான் வித்தியாசம். யாழ்ப்பாணம் என்றால் அதுவும் கிடையாது. 'வெளிநாடு' என்பது இதிலும் குறைவதில்லை.

கூட்டாளிப் பள்ளியைத் தேடும் இணையத்தளத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. 2005இல் தொடங்கிய இட்வின்னிங் நல்ல தளம்தான், ஆனால் ஐரோப்பாவுக்கும் அதன் சில அண்டை நாடுகளுக்குமானது. இந்தியப் பள்ளி அதில் பதிவு செய்ய முடியாது. 1988இல் நியூயார்க், மாஸ்கோ பள்ளிகளுக்கிடையே தொடங்கிய ஐஎர்ன் வலையமைப்பில் இந்தியப் பள்ளிகளும் இருக்கின்றன. விருதுக்காக மட்டும் சேர்வதைப் பற்றி ஒரே வரி: கோப்பு தடிக்கும், வகுப்பு மாறாது.

மணியும் மாதமும்

இதில் நாங்கள் பட்டது நன்றாகவே பட்டோம். செப்டம்பரில் லண்டன் பள்ளியோடு பேசும்போது அவர்களுடைய காலை ஒன்பது நமக்கு மதியம் ஒன்றரை. எல்லா வாரமும் ஒன்றரைக்கு என்று அட்டவணை போட்டுவிட்டோம். நவம்பர் முதல் வாரம் பிள்ளைகள் அவசரமாகச் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடிவந்து உட்கார்ந்தால், திரையில் வெற்று அறை. பிரிட்டனில் அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைக்கிறார்கள். மார்ச் கடைசி ஞாயிறன்று மறுபடி முன்னால். ஆகவே குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் ஐந்தரை மணி, கோடையில் நாலரை மணி வித்தியாசம். ஜப்பானில் கடிகாரத்தை மாற்றும் வழக்கமே இல்லை. எப்போதும் நம்மைவிட மூன்றரை மணி முன்னால். நம் காலை ஒன்பதரை அவர்களுக்கு மதியம் ஒன்று.

மாதக் கணக்கு இதைவிடக் குழப்பம். நமக்கு ஜூனில் பள்ளி திறக்கிறது, பிரிட்டனில் செப்டம்பரில். அக்டோபர், பிப்ரவரி, மே மாதங்களில் பருவத்தின் நடுவே அவர்களுக்கு ஒரு வாரம் விடுமுறை வரும். நமக்குக் காலாண்டு, அரையாண்டு, மழை விடுமுறை, டிசம்பர் 3இல் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா. எல்லாம் கழித்தால் வேலைக்கு ஆகிற வாரங்கள் விரல்விட்டு எண்ணுமளவுக்குத்தான் மிஞ்சும். இரு பக்க நாட்காட்டியையும் முதலில் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். பாடத்தை அப்புறம் பேசலாம்.

"இவன் விஷுவல் லேர்னர்"

கூட்டு வேலையைப் பிள்ளைகளுக்கு எப்படிப் பிரிப்பது? பயிற்சி முகாம்களில் இன்றும் இதைச் சொல்கிறார்கள்: பார்த்துக் கற்கிறவன், கேட்டுக் கற்கிறவன், செய்து கற்கிறவன் என்று பிள்ளைகளை மூன்றாகப் பிரி, மூன்று விதமாகப் பாடம் நடத்து. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. 2008இல் ஹெரால்ட் பாஷ்லரும் வேறு மூன்று உளவியலாளர்களும் இதுபற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, இப்படிப் பிரித்து நடத்தினால் கற்றல் கூடுகிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றார்கள். ஹோவர்ட் கார்ட்னர் 1983இல் முன்வைத்த பன்முக நுண்ணறிவுக் கோட்பாட்டையும் (அறிவு ஒன்றல்ல, பலவகை என்பது) சிலர் இதோடு சேர்த்துக் குழப்புகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல என்று அவரே சொல்லியிருக்கிறார்.

பிள்ளைகள் வேறுபடுவது உண்மை. எங்கே வேறுபடுகிறார்கள் என்பதில்தான் கவனம் வேண்டும். ஒருத்திக்கு வாசிப்பு மூன்றாம் வகுப்பு நிலையில் நிற்கும். ஒருவனுக்குக் காது மந்தம். ஒருவனுக்கு எழுத்து இடம் மாறும், வாயால் கேட்டால் முழு விடையும் வரும். நம் ஆரம்ப வகுப்புகளில் 2022 முதல் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறார்களே, அது பிள்ளை இன்று எங்கே நிற்கிறது என்பதைப் பார்ப்பது. நாளைக்கு அரும்பு மொட்டாகும். 'விஷுவல்' என்று முத்திரை குத்திவிட்டால் அது மாறுவதே இல்லை.

பெற்றோர் ஒப்புதல் கடிதத்தையும் சொல்லிவிடுகிறேன், பலர் தவறவிடுவது. பிரிட்டனில் இணையச் சேவைக்கு 13 வயதுப் பிள்ளையே சம்மதம் தரலாம். நம் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 நிறையாதவர் எல்லாரும் குழந்தைகள். பெற்றோர் சம்மதம் வேண்டும். பிரிட்டன் பள்ளி அனுப்பும் படிவத்தை அப்படியே நகலெடுத்துக் கொடுக்காதீர்கள். பிள்ளையின் பெயரும் பள்ளி பேட்ஜும் ஒரே படத்தில் வேண்டாம். வெளிநாட்டு ஆசிரியரோடு பிள்ளைகளைச் சேர்த்து வாட்ஸாப் குழு கண்டிப்பாக வேண்டாம்.

சுற்றுலாக் கையேடு பாடமாகாது

133 அடி வள்ளுவர் சிலை, மாத்தூர் தொட்டிப்பாலம், தோவாளைப் பூச்சந்தை, பொங்கல் பானை. பதினெட்டு ஸ்லைடு. அவர்கள் பதிலுக்கு பிக் பென். இரண்டு பக்கமும் கைதட்டல், அதோடு சரி. ஒரு பக்கம் இல்லாமல் மறுபக்கம் செய்யவே முடியாத வேலையாக இருந்தால்தான் கூட்டுக்குப் பொருள் உண்டு.

எங்களுக்குப் பலித்தது நிழல் அளக்கிற வேலை. ஒரு மீட்டர் கம்பை நட்டு, நண்பகலில் அதன் நிழலை அளப்பது. அங்கேயும் அதே நாளில் அதே வேலை. நிழலின் நீளத்திலிருந்து வெயில் சாய்ந்து விழும் கோணம் கிடைக்கும். இரண்டு ஊர்க் கோணங்களின் வித்தியாசமும் இரண்டு ஊருக்கும் இடையே வடக்குத் தெற்காக எவ்வளவு தூரம் என்பதும் தெரிந்தால் பூமியின் சுற்றளவு வந்துவிடும். கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பு செய்த கணக்கு. பிப்ரவரி முதல் வாரத்தில் ஐந்து நாள் ஒதுக்கினோம். லண்டனில் மூன்று நாள் வெயிலே இல்லை.

கம்பு நேராக நிற்க வேண்டுமே. கொத்தனார் மகன் ஒருவன் வீட்டிலிருந்து தூக்குக்குண்டு கொண்டுவந்தான். பாடப்புத்தகத்தில் ஒரு பத்தி வாசிக்க அவனுக்குப் பத்து நிமிடம் ஆகும். பன்னிரண்டு மணிக்கே அளந்துவிடலாம் என்று நின்ற பிள்ளைகளுக்கு அதிர்ச்சி: நிழல் இன்னும் சுருங்கிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு சாக்பீஸ் புள்ளி. மிகக் குறுகியது 12.34 வாக்கில், 45 சென்டிமீட்டர். இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக் கணக்கு. நாம் அதற்கு ஐந்து பாகை மேற்கே இருப்பதால் இருபது நிமிடம் பிந்துகிறது, பிப்ரவரியில் சூரியன் இன்னும் பதினாலு நிமிடம் தாமதம்.

லண்டனிலிருந்து வந்த அளவு 2.80 மீட்டர். ஒரு குழு கூகுள் காட்டிய விமானத் தூரமான 8,400 கிலோமீட்டரைப் போட்டதில் பூமி 65,000க்கு ஊதிவிட்டது. அட்லஸில் வடக்குத் தெற்காக மட்டும் எடுத்தால் 4,800. விடை 37,500. துருவங்கள் வழியாகச் சுற்றினால் உண்மையில் 40,008. எங்கே பிசகியது என்று இரண்டு வகுப்பும் சண்டை போட்டன. கம்பு சாய்ந்திருக்கும் என்றது ஒரு கட்சி, நேரம் தப்பியிருக்கும் என்றது இன்னொன்று.

அடுத்த அழைப்பில் அவர்கள் தங்கள் மைதானத்தைக் காட்டினார்கள். அப்போதுதான் மழை விட்டிருந்தது. கொத்தனார் மகன் திரைக்கு அருகே போய் நின்று பார்த்துவிட்டு என்னிடம் சொன்னான்: "சார், தண்ணி எல்லாம் ஒரு பக்கமா ஓடுது பாருங்க. அவங்க தரை சாஞ்சு கிடக்கு. ரசமட்டம் வச்சுப் பாக்கச் சொல்லுங்க."

சொன்னேன். மறுநாள் பதில் வந்தது: மீட்டருக்கு ஐந்து சென்டிமீட்டர் சரிவு, நிழல் நீள்கிற வடக்குப் பக்கமாக.