இரவு பகலாக ஓடும் ஹார்ட் டிஸ்க்கைப் பழுதாகாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் கடைக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. கேமராப் பதிவுக்காக அங்கே ஒரு கணினி நிற்காமல் ஓடுகிறது. 2022இல் மின்வெட்டு நீண்ட நாட்களில் ஒரு காலை அதன் டிஸ்க் திறக்கவே இல்லை. கடைக் கணக்கோடு தங்கையின் கல்யாணப் படங்களும் போய்விட்டன. அன்றிலிருந்து நான் செய்துவருவதை, புதியவர்களுக்கும் விளங்கும்படி எழுதுகிறேன்.

முதலில் டிஸ்க்கின் இப்போதைய நிலையைப் பாருங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் நீலம், மஞ்சள், சிவப்பு என்று நிறத்தில் காட்டும். நீலம் நல்லது. ஆனால் நிறத்தோடு நிறுத்தாமல், கீழுள்ள பட்டியலில் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளின் கடைசி எண்ணையும் பாருங்கள். அவை பூச்சியமாக இருக்க வேண்டும். 05 கெட்டுப்போய் மாற்றப்பட்ட இடங்களின் கணக்கு. சி5 வாசிக்க முடியாமல் தடுமாறும் இடங்களின் கணக்கு. சி6 சரிசெய்யவே முடியாமல் போன இடங்களின் கணக்கு. இவை மாதாமாதம் ஏறினால் புது டிஸ்க் வாங்கும் நேரம் வந்துவிட்டது. சி7 மட்டும் ஏறினால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் டிஸ்க்கைக் கணினியோடு இணைக்கும் சாட்டா கேபிளில்தான் குறை. கேபிளை மாற்றிப் பாருங்கள்.

அதே திரையில் வெப்பநிலையும் தெரியும். 40 பாகைக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது, 50ஐத் தாண்ட விடாதீர்கள். சூடான கச்சான் காற்று வீசும் மாதங்களில் எங்கள் கடையில் இதுதான் பெரிய பாடு. பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, டிஸ்க்குக்கு நேர் முன்னால் ஒரு விசிறி பூட்டினேன்; நல்ல வித்தியாசம் தெரிந்தது. தூசு தட்டும்போது கணினியை நிறுத்திப் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். டிஸ்க்கின் மேல் சிறு துளை இருந்தால் அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டவே கூடாது, உள்ளே காற்றழுத்தம் சமப்படுவது அதன் வழியாகத்தான்.

அடுத்தது கரண்ட். மின் போனாலும் சிறிது நேரம் பேட்டரியில் கரண்ட் தரும் யுபிஎஸ் இல்லாமல் ஓட்டாதீர்கள். டிஸ்க்கில் பதிவாகிக்கொண்டிருக்கும்போது மின் போனால் கோப்புகள் சிதையும். யுபிஎஸ்ஸை யுஎஸ்பி கேபிளால் கணினியோடு இணைத்து, பேட்டரி குறைந்ததும் விண்டோஸ் தானாக நிற்கும்படி அமைத்துவிடுங்கள். அப்புறம், பவர் ஆப்ஷன்ஸில் ஹார்ட் டிஸ்க்கை நிறுத்தும் நேரத்தை 0 ஆக்குங்கள்; 0 என்றால் ஒருபோதும் நிறுத்தாதே என்று பொருள். தொடர்ந்து சுற்றுவதைவிட அடிக்கடி நின்று கிளம்புவதுதான் அதற்குச் சிரமம். ஓடும்போது பெட்டியை நகர்த்தவும் வேண்டாம்.

புதிதாக வாங்குவதானால், கேமராப் பதிவுக்கென்றே வரும் டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் போன்றவற்றைக் கேளுங்கள். அவை 24 மணிநேர ஓட்டத்துக்காகச் செய்யப்பட்டவை.

இத்தனையும் செய்தாலும் பிரதி ஒன்று இருந்தே ஆக வேண்டும். கூகுள் பொறியாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பழுதான டிஸ்க்குகளில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் இப்படிப்பட்ட எச்சரிக்கை எண் எதையும் காட்டாமலே போயிருந்தன. ஞாயிறுதோறும் வெளி டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்துக் கழற்றிவிடுங்கள். 2004 சுனாமியைக் கண்ட கரை இது. அதனால் எங்கள் பிரதி கடலிலிருந்து தள்ளியிருக்கும் செங்கலடியில் பெரியம்மா வீட்டு அலுமாரியில் இருக்கிறது. கொடுத்தனுப்புமுன் அதிலிருந்தே ஒரு படத்தையும் ஒரு கணக்குக் கோப்பையும் திறந்து பார்த்துவிடுவேன்.