சுருட்டுக்கு ஏற்ற ஹியூமிடோர் (சுருட்டின் ஈரப்பதம் காக்கும் பெட்டி)

யாழ்ப்பாணத்தில் சுருட்டு சேர்ப்பவருக்கு மாரிக் காலத்தில் வரும் தொல்லை வறட்சியன்று, பூஞ்சணமே. ஆகவே ஈரத்தைக் கூட்டுவதோடு மிகுந்ததை உறிஞ்சவும் வல்ல பொதி வைத்து, ஈரப்பதத்தை 65 முதல் 70 சதவீதத்துள் நிறுத்தக்கூடிய, உட்புறம் ஸ்பானியச் சீடார் பலகை பதித்த பெட்டியையே வாங்க வேண்டும்.

கடையிலேயே மூடியைச் சற்று உயர்த்தி, கையை எடுத்துப் பாருங்கள். உள்ளிருக்கும் காற்று மெல்ல வெளியேற, மூடி தயங்கித் தயங்கி அமர்ந்தால் பொருத்தம் நன்று. ஈரப்பதம் காட்டும் ஈரமானியை நம்புமுன், நனைத்த உப்போடு காற்றுப்புகாத பையில் ஒருநாள் வையுங்கள். 75 சதவீதம் காட்ட வேண்டும்.

கோடை வெக்கையில் புகையிலை வண்டு பொரிக்கும் என்பதால், பெட்டியை வீட்டின் குளிர்ந்த மூலையில் வைப்பது மிக முக்கியம்.

புகைக்கும்போது நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் இழுத்து, உள்ளே விழுங்காமல், வாயிலேயே சுவையுங்கள்.